மாஸ்கோ ஜார்களின் அரசப் பொருட்கள்: செய்தவர் யார், கதை சூட்டியவர் யார்?

கேள்வி இது: "மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கும் மோனமாக் மணிமுடி பைசாந்தியப் பேரரசர் அனுப்பிய பரிசு என்று ஒரு இடத்தில் படித்தேன். ஸ்ரீரங்கம் பெருமாளின் கண்ணாக இருந்த வைரம் ரஷ்ய ராணியின் செங்கோலில் இருக்கிறது என்று இன்னொரு இடத்தில் படித்தேன். இவற்றை எவ்வளவு நம்பலாம்? 16, 17ஆம் நூற்றாண்டு ரஷ்ய அரச கலைப்பொருட்களில் ரஷ்யர்களே செய்தவை எவை, வெளியிலிருந்து வந்தவை எவை?"

முதலில் நேரடி விடை. பைசாந்தியப் பரிசுக் கதை வரலாறு அல்ல. ஸ்ரீரங்கத்துக் கண் கதைக்கும் ஆதாரம் இல்லை. ஆனால் இரண்டையும் பொய் என்று ஒதுக்கிவிட்டுப் போனால் விஷயத்தின் பாதியை இழந்துவிடுவோம். மாஸ்கோ அரசவை உலகின் பல மூலைகளிலிருந்தும் பொருட்களைச் சேர்த்தது. அவற்றுக்குத் தனக்கு வேண்டிய பொருளைக் கொடுத்தது. மணிமுடி எங்கே செய்யப்பட்டது என்பது ஒரு கேள்வி. அதற்கு ஏன் அந்தக் கதை தேவைப்பட்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால்தான் இந்தப் பொருட்கள் பேசத் தொடங்கும்.

மோனமாக் முடியிலிருந்தே தொடங்கலாம். படத்தில் பார்த்தால் கிரீடம் போலவே இருக்காது. கூம்பிய தொப்பி போல இருக்கும். எட்டுத் தங்கத் தகடுகளைச் சேர்த்து உருவாக்கிய குவிந்த வடிவம், கீழே சுற்றிலும் சேபிள் என்ற விலங்கின் பழுப்பு மென்மயிர், உச்சியில் ஒரு சிலுவை. மயிர்த்தோலைக் கழித்தால் எடை 700 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதன் அழகு கற்களில் இல்லை, தகடுகளின் மேல் ஓடும் கம்பி வேலையில் இருக்கிறது. தலைமுடி போல மெலிந்த தங்கக் கம்பிகளைச் சுருள் சுருளாக வளைத்துத் தகட்டின் மேல் ஒட்டவைத்திருக்கிறார்கள். சுருள்களுக்கு நடுவே தாமரை போன்ற பூக்கள் தெரிகின்றன. கற்களும் முத்துகளும் சிலுவையும் பின்னாளில் ஏறியவை.

இதை எங்கே செய்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. பலர் 13ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று காலம் கணிக்கிறார்கள். அக்காலத்தில் ரஷ்யச் சிற்றரசர்கள் கப்பம் கட்டிவந்த தங்கக் கூடார மங்கோலியர்களின் ஆட்சிப் பகுதியிலோ மத்திய ஆசியாவிலோ இதைச் செய்திருக்கலாம் என்பது வலுவான கருத்து. பைசாந்தியப் பட்டறை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பட்டறையாக இருந்தாலும், கதையில் வரும் பேரரசரோடு அது பொருந்தாது. கதைப்படி இதை அனுப்பியவர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் மோனமாக்கஸ். பெற்றவர் அவருடைய பேரன் கீவ் இளவரசர் விளாதிமிர் மோனமாக். கான்ஸ்டன்டைன் இறந்தது 1055இல். விளாதிமிர் பிறந்தது 1053இல். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு யார் மணிமுடி அனுப்புவார்கள்? விளாதிமிர் கீவில் அரியணை ஏறியதே 1113இல்தான்.

அப்படியானால் கதை எப்போது, ஏன் வந்தது? பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் 1453இல் துருக்கியர் வசமானது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ உலகில் தனித்து நின்ற பெரிய அரசு மாஸ்கோ மட்டும்தான் என்ற நிலை அதன்பின் உருவானது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸ்கோ அவையில் ஒரு வம்சாவளிக் கதை எழுதப்பட்டது. ரஷ்ய மன்னர்கள் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உறவினர் வழியில் வந்தவர்கள், பைசாந்தியமே அவர்களுக்கு முடியனுப்பி ஒப்புக்கொண்டது என்பது அதன் சாரம். 1547 ஜனவரி 16 அன்று நான்காம் இவான், பின்னாளில் 'பயங்கர இவான்' எனப்பட்டவர், கிரெம்ளினின் உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் முடிசூடினார். ஜார் என்ற பட்டத்தோடு முடிசூடிய முதல் மாஸ்கோ மன்னர் அவர். அந்த நாளுக்குத்தான் இந்தக் கதை தேவைப்பட்டது.

கதை ஏட்டோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1551இல் அதே பேராலயத்தில் ஜார் நின்று வழிபடுவதற்கென்று மரத்தாலான ஓர் இருக்கை மண்டபம் அமைத்தார்கள். அதன் பக்கப் பலகைகளில் 12 புடைப்புச் சிற்பங்கள். விளாதிமிர் படையெடுக்க ஆலோசிப்பது, பைசாந்தியப் பேரரசர் முடியை அனுப்புவது, தூதர்கள் கொண்டுவருவது என்று காட்சி காட்சியாகக் கதை முழுவதும் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்தறியாத பிரபுவும் வழிபாடு முடிந்து வெளியே போகுமுன் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த மர மண்டபம் இன்றும் பேராலயத்துக்குள் நிற்கிறது. என்னைக் கேட்டால், மாஸ்கோ அரசியலைப் புரிந்துகொள்ளத் தங்க முடியைவிட இந்த மரச் சிற்பங்களே உதவும்.

இதே போலக் கதை ஏறிய இன்னொரு பொருள் 'யெரிகோ தொப்பி' என்ற தலைக்கவசம். 1621இல் ஜார் மிகயீல் ரொமானவுக்காக நிகிதா தவீதவ் என்ற கைவினைஞர் செய்துகொடுத்தது. முரோம் ஊரைச் சேர்ந்த இவர் கிரெம்ளின் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். எஃகை மெருகேற்றி, அதில் தங்கத்தைப் பதித்து, வைரமும் மாணிக்கமும் மரகதமும் வைத்து இழைத்திருக்கிறார். மூக்குக்கு மேல் இறங்கும் தகட்டில் தேவதூதர் மிகயீலின் சிறிய எனாமல் உருவம் இருக்கிறது. ஜாரின் பெயருக்குரிய காவல் தேவதூதர் அவர். கவசத்தின் மேல் தங்கத்தில் ஆர்த்தடாக்ஸ் சிலுவைகள். அவற்றோடு அதே கவசத்தில் அரபு எழுத்தும் ஓடுகிறது. குர்ஆனின் 61ஆம் அத்தியாயத்தில் வரும் வசனம் அது: அல்லாஹ்விடமிருந்து உதவியும் அண்மையில் வெற்றியும் கிட்டும், நம்பிக்கையாளர்களுக்கு நற்செய்தி சொல்லுங்கள் என்று பொருள் தருவது.

கிறிஸ்தவ மன்னரின் தலையில் குர்ஆன் வசனம் எப்படி என்று பலர் வியக்கிறார்கள். அந்தக் காலத்து மாஸ்கோவில் இது வியப்பே இல்லை. மிகச் சிறந்த போர்க்கருவி என்றால் பாரசீகம் அல்லது துருக்கி என்பதுதான் அன்றைய மதிப்பீடு. அந்தப் பாணியில் செய்தால் எழுத்தும் கூடவே வரும். கவசத்தின் அடிப்படைக் கிண்ணம் கிழக்கிலிருந்து வந்தது, தவீதவ் அதை மறுபடி அலங்கரித்தார் என்ற கருத்தும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இதை 1263இல் இறந்த இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கியின் கவசம் என்று சொல்லத் தொடங்கினார்கள். ரஷ்யப் பேரரசின் பெரிய அரசச் சின்னத்திலும் இடம் பெற்றது. நெவ்ஸ்கி இறந்து 358 ஆண்டுகள் கழித்துச் செய்த பொருள் இது. பேரரசுச் சின்னத்தின் உச்சியில் இருந்தது ஒரு பட்டறைக் கலைஞரின் கைவேலை என்பதை நினைத்தால் நிகிதா தவீதவுக்காக மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

அரியணைகளில்தான் வெளிநாட்டுக் கை மிகத் தெளிவாகத் தெரியும். தந்தத் தகடுகள் போர்த்திய 'பயங்கர இவான்' அரியணை 16ஆம் நூற்றாண்டு மேற்கு ஐரோப்பிய வேலை. ஜார் பரிஸ் கதுனோவின் பொன்தகடு வேய்ந்த அரியணை, பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1604இல் அனுப்பியது. தகடு முழுக்கப் பேரோஜா என்ற நீலப்பச்சைக் கற்களும் மாணிக்கங்களும். ஆனால் எல்லாவற்றிலும் சுவையான வரலாறு உடையது ஜார் அலெக்சேய் மிகய்லவிச்சின் வைர அரியணை. அதைக் கொடுத்தது எந்த மன்னரும் அல்ல. வணிகர்கள்.

ஷா அப்பாஸ் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மீனியர்களை அவர்களுடைய ஜுல்ஃபா ஊரிலிருந்து பெயர்த்துத் தன் தலைநகர் இஸ்ஃபகானுக்கு அருகில் குடியேற்றினார். அந்தக் குடியிருப்புதான் நியூ ஜுல்ஃபா. பாரசீகக் கச்சாப் பட்டு ஏற்றுமதி பெருமளவு இவர்கள் கையில் இருந்தது. பட்டு ஐரோப்பா போக வேண்டுமானால் துருக்கியப் பேரரசின் நிலம் வழியாகப் போக வேண்டும். அங்கே சுங்கம் அதிகம், போர் வந்தால் வழியே அடைபடும். காஸ்பியன் கடல், வோல்கா ஆறு, மாஸ்கோ, அதற்கு வடக்கே ஆர்ஹாங்கெல்ஸ்க் துறைமுகம் என்று ஒரு மாற்றுப் பாதை திறந்தால் அவர்களுக்குப் பெரிய ஆதாயம். அதற்கு ஜாரின் அனுமதி வேண்டும். 1660இல் அவர்களுடைய பிரதிநிதி மாஸ்கோவுக்கு வந்து அரியணையை ஜார் முன் வைத்தார்.

சந்தன மரச் சட்டம், அதன் மேல் தங்க, வெள்ளித் தகடுகள், ஏறத்தாழ 900 வைரங்கள், நூற்றுக்கணக்கில் பேரோஜா. பக்கவாட்டில் பாகர்களோடு யானைகள். முதுகுப் பலகையில் லத்தீன் மொழியில் முத்து வேலையாக ஒரு வாழ்த்து: வெல்லற்கரிய மாஸ்கோ மன்னர் அலெக்சேய்க்கு இந்த அரியணை, வருங்கால விண்ணுலகப் பேரின்பத்தின் அடையாளமாகட்டும் என்ற கருத்தில், 1659 என்ற ஆண்டோடு. பாரசீகத்தில் வாழும் ஆர்மீனியர்கள், யானை வரிசை, லத்தீன் வாழ்த்து, ரஷ்ய மன்னர். 17ஆம் நூற்றாண்டு வணிக உலகத்தை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். காரியமும் நடந்தது. 1667இல் ஆர்மீனிய வணிகர்களோடு ஜார் அரசு பட்டு வணிக ஒப்பந்தம் செய்தது.

இந்த நியூ ஜுல்ஃபா மக்களின் ஒரு கிளைதான் சென்னைக்கும் வந்தது. பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவும் அங்குள்ள பழைய தேவாலயமும் அவர்கள் விட்டுச் சென்றவை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் முதல் பாலம் கட்டிய பெட்ரஸ் உஸ்கானும் அந்த வணிகச் சமூகத்தவர்தான். அவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்து வைரக் கதையில் மறுபடி வருவார்கள்.

அரியணையோடு ஓர் ஓவியமும் பரிசாகப் போனது, செம்புத் தகட்டில் தீட்டிய இயேசுவின் கடைசி இரவுணவு. ஜாருக்கு அது மிகவும் பிடித்துப்போய், இதை வரைந்தவர் போன்ற ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டார். அதன் விளைவாக 1667இல் மாஸ்கோ வந்தவர் ஆர்மீனிய ஓவியர் பக்தான் சல்தானவ். ஆயுதக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்து, அங்கே முன்னணி ஓவியர்களில் ஒருவரானார்.

ஆயுதக்கூடம் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இன்று அது அருங்காட்சியகத்தின் பெயர். 17ஆம் நூற்றாண்டில் அது பட்டறை: கவசம் அடிப்பவர், துப்பாக்கி செய்பவர், தச்சர், எனாமல் கலைஞர், ஓவியர் எல்லோரும் ஊதியம் வாங்கிக்கொண்டு வேலை செய்த இடம். 1654 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் பக்தான் ஹித்ரோவோ என்ற பிரபு இதற்குத் தலைவராக இருந்தார். அதுதான் அதன் பொற்காலம்.

இங்கிலாந்து வெள்ளிக்கு வருவோம். ரிச்சர்ட் சான்சலர் 1553இல் வெள்ளைக் கடல் வழியாக ரஷ்யாவை அடைந்தார். 1555இல் லண்டனில் மஸ்கோவி கம்பெனி உருவானது. அதன்பின் வந்த தூதர் ஒவ்வொருவரும் வெள்ளிப் பாத்திரங்களோடு வந்தார். அதனால் 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கில வெள்ளி வேலையைப் பார்க்க விரும்புகிறவர் லண்டனைப் போலவே மாஸ்கோவுக்கும் போக வேண்டியிருக்கிறது. காரணம் எளிது. இங்கிலாந்தில் 1642இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அரசர் தரப்பும் பாராளுமன்றத் தரப்பும் படைக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளியை உருக்கிவிட்டன. கடல் கடந்து போனவை மட்டும் தப்பின.

அவற்றில் 1600-01இல் லண்டனில் செய்த ஒரு ஜோடிச் சிறுத்தைகள் தனிச்சிறப்பு உடையவை. மது ஊற்றும் குடங்கள்தான் அவை, ஆனால் பின்னங்கால்களில் அமர்ந்து, முன்னங்கால்களால் கேடயம் பிடித்த சிறுத்தை வடிவில். கழுத்தைக் கழற்றினால் குடம். ஆங்கில அரச கருவூலத்தில் இருந்தவை, முதலாம் சார்ல்ஸ் பண நெருக்கடியில் விற்க, 1629இல் ஆர்ஹாங்கெல்ஸ்கில் ஜாரின் கருவூலத்துக்காக விலைக்கு வாங்கப்பட்டன. அதாவது இவை பரிசாக வந்தவையல்ல.

இதே ஆயுதக்கூடத்தில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னர் ஜார் கதுனோவுக்குப் பரிசளித்ததாகச் சொல்லப்படும் ஆங்கில வண்டி ஒன்றும் நிற்கிறது. பக்கங்களில் கிறிஸ்தவர்-முஸ்லிம் போர்க் காட்சிகளும் வேட்டைக் காட்சிகளும் மரச் செதுக்கலாக. ஆனால் அதை ஓட்ட முடியாது. வண்டிக்காரருக்கு இருக்கை கிடையாது. குதிரைகளைக் கையில் பிடித்து நடத்திச் செல்ல வேண்டும். முன் அச்சு திரும்பாது. முனையில் வளைக்க வேண்டுமானால் பின் சக்கரங்களை ஆட்கள் தூக்கித் திருப்ப வேண்டும். அதிர்வு தாங்கும் வில்கள் கிடையாது. ஊர்வலத்தில் நேராகப் போவதற்கு மட்டுமே பயன்பட்ட வண்டி.

பரிசுகள் வந்ததும் என்ன நடக்கும்? கருவூலத்தில் எடை போடுவார்கள். கைதேர்ந்த வணிகர்களையும் பொற்கொல்லர்களையும் வைத்து மதிப்பிடுவார்கள். பதிவேட்டில் எழுதுவார்கள். பல பாத்திரங்களின் அடியில் யார் கொடுத்தது, எப்போது, எவ்வளவு எடை என்ற விவரத்தைப் பொறித்துவிடுவார்கள். இன்று ஆய்வாளர்களுக்குப் பெரும் உதவி அந்தப் பொறிப்புகள்தாம். மதிப்புக்கு ஈடாகத் தூதருக்குச் சேபிள் தோல்கள் போகும். அதனால் இவற்றை அன்பளிப்பு என்பதைவிட, மரியாதையோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்பது சரி. விருந்து நாளில் 1491இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் கட்டி முடித்த கிரனவித்தயா மண்டபத்தில் நடுத் தூணைச் சுற்றி அடுக்கடுக்காக இந்த வெள்ளியை வைப்பார்கள். புதிதாக வரும் தூதர் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே மற்ற அரசர்கள் என்ன அனுப்பினார்கள் என்பது அவர் கண்ணெதிரே இருக்கும்.

ரஷ்யர்களே செய்தது என்ன என்ற கேள்விக்கு விடை குறைவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1598 முதல் 1613 வரை நாடு குழப்பத்தில் சிக்கியது. 1610 முதல் 1612 வரை போலந்துப் படை கிரெம்ளினுக்குள் இருந்தது. படைவீரர் சம்பளத்துக்காகக் கருவூலத்தில் இருந்த முடிகளும் பாத்திரங்களும் பிரிக்கப்பட்டன, உருக்கப்பட்டன. தங்கமும் வெள்ளியும் நெருக்கடி நாளில் நாணயமாகிவிடும். எந்த நாட்டுக்கும் இது பொது. 1613இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மிகயீல் ரொமானவின் அவை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்று, 1561இல் நான்காம் இவான் தன் இரண்டாவது மனைவி மரீயா தெம்ரியூக்கவ்னாவுக்குத் திருமணத்தில் கொடுத்த பொன் தட்டு. ஏறத்தாழ மூன்று கிலோ தங்கம். நடுவிலிருந்து வளைந்த கதிர்கள் சுழல்வது போல் தட்டை அடித்து உருவாக்கியிருக்கிறார்கள். விளிம்பில் நீல்லோ வேலை. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் நான்கையும் சேர்த்து உருக்கினால் ஒரு கறுப்புக் கலவை கிடைக்கும். அதைப் பொடித்து, தங்கத்தில் செதுக்கிய கோடுகளில் நிரப்பிச் சூடு காட்டினால் உருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தேய்த்து மெருகேற்றுவார்கள். மஞ்சள் தங்கத்தின் மேல் வெல்வெட் போன்ற கறுப்பில் கொடியும் இலையும் எழுத்தும் எழும். ஒரு கல்கூட இல்லை. இந்த முழுத் தொகுப்பிலும் கைத்திறனுக்கு முதலிடம் கொடுக்கச் சொன்னால் வைர அரியணையைத் தாண்டி இந்தத் தட்டுக்கே கொடுப்பேன்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை 'கோவ்ஷ்' எனப்படும் தேன்மதுக் கரண்டிகள். நீரில் மிதக்கும் பறவையின் வடிவம். கிராமத்து மரக் கரண்டியின் வடிவத்தைத் தங்கத்திலும் வெள்ளியிலும் செய்தது. பிற்காலத்தில் இதில் குடிக்கும் வழக்கம் போய், எல்லைப்புறப் போர்வீரர்களான கொசாக்குகளின் தலைவர்களுக்கும் வணிகர்களுக்கும் ஜார் வழங்கும் விருதாக மாறிவிட்டது. பெண்களின் பூத்தையல் பட்டறையையும் மறக்கக் கூடாது. துணி இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வரும். அதன் மேல் முத்தும் பொன்னிழையும் வைத்துத் தைப்பது அரசியின் பட்டறைப் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் பதிவாகவில்லை என்பது வருத்தம்.

ஓவியத்தில் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர் சீமன் உஷகோவ் (1626–1686). ஆயுதக்கூடத்தின் தலைமை ஓவியர். அவர் 1668இல் வரைந்த 'மாஸ்கோ அரசின் மரம்' மாஸ்கோவின் திரெத்யகோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. கீழே கிரெம்ளின் மதில். அதற்குள் உஸ்பென்ஸ்கி பேராலயம். பேராலயத்தின் அடியில் 14ஆம் நூற்றாண்டு இளவரசர் இவான் கலீத்தாவும் பெருநகர ஆயர் பியோத்தரும் ஒரு கொடியை நட்டு நீரூற்றுகிறார்கள். கொடி பேராலயத்தின் வழியாக மேலெழுந்து கிளைவிடுகிறது; நடுவில் விளாதிமிர் நகரின் பெயரால் வழங்கும் அன்னை மரியாளின் திருவுருவம், கிளைகளில் வட்டம் வட்டமாகப் புனிதர்களும் மன்னர்களும். மதிலுக்குள் ஒரு பக்கம் உயிரோடிருந்த ஜார் அலெக்சேய், மறு பக்கம் அரசி மரீயாவும் இரண்டு மகன்களும். மேலே கிறிஸ்து தேவதூதர்கள் கையில் முடியும் ஆடையும் கொடுத்தனுப்புகிறார். 1551இன் மரச் சிற்பத்தில் முடி பைசாந்தியத்திலிருந்து வந்தது. 1668இல் அது நேரே வானத்திலிருந்து இறங்குகிறது. நூறு ஆண்டுகளில் அரசவையின் தன்னம்பிக்கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

உஷகோவும் அவர் தோழர்களும் முகங்களுக்கு ஒளியும் நிழலும் கொடுத்துச் சதைப்பிடிப்போடு வரைந்தார்கள். பழைய மரபில் ஊறியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. பழைய வழிபாட்டு முறைக்காகப் போராடிய பாதிரியார் அவ்வக்கூம், புதிய திருவுருவங்களில் இறைவனைச் சிவந்த உதடும் சுருள் முடியும் பருத்த கையுமாக வரைகிறார்களே என்று கொதித்தார். அவரை 1682இல் வடக்கே புஸ்தோஸெர்ஸ்கில் எரித்துக் கொன்றார்கள். ஓவியத்துக்காக அல்ல, வழிபாட்டு எதிர்ப்புக்காக. ஆனால் அந்தச் சண்டைக்குள் ஓவியமும் இருந்தது.

அதே 1682இல்தான் இரட்டை அரியணைக்கான தேவை வந்தது. 15 வயது ஐந்தாம் இவானையும் 10 வயது பீட்டரையும் ஒன்றாக முடிசூட்டினார்கள். ஆட்சியை நடத்தியவர் அக்கா சோஃபியா. வெள்ளியில் செய்த அந்த அரியணையில் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கை. முதுகுப் பலகையில் ஒரு திறப்பு. பின்னால் மறைந்து நின்று சிறுவர்களுக்குப் பதில் சொல்லிக்கொடுக்கத்தான் அது என்பது வழிவழியாக வரும் செய்தி. திறப்பு இன்றும் இருக்கிறது. 1683இல் ஸ்வீடன் தூதுக்குழுவோடு வந்த எங்கல்பெர்ட் கேம்ஃபர் இருவரையும் நேரில் பார்த்து எழுதினார். மூத்தவர் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக் குனிந்தே இருந்தார். இளையவரோ, ஸ்வீடன் மன்னரின் நலம் கேட்க இருவரும் எழ வேண்டிய நேரம் வருமுன்னே துள்ளி எழ, மூத்தவர் தயாராகும்வரை அவரை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. மோனமாக் முடி மூத்தவருக்குப் போனது. பீட்டருக்கு அதைப் போலவே வேறொன்று செய்தார்கள். அதன்பின் அந்த முடியை யாரும் சூடவில்லை.

பீட்டர் வளர்ந்து எல்லாவற்றையும் மாற்றினார். தலைநகர் பீட்டர்ஸ்பர்க் போனது. மாஸ்கோப் பட்டறையின் கைவினைஞர்களும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1724இல் தன் மனைவி கேத்தரீனுக்கு மேற்கத்திய பாணி கிரீடம் சூட்டினார். அந்தக் கிரீடத்தின் வெறும் சட்டம்தான் இன்று இருக்கிறது. கற்களைக் கழற்றி அடுத்த ராணி ஆன்னாவின் கிரீடத்தில் வைத்துவிட்டார்கள். 1762இல் இரண்டாம் கேத்தரீனுக்காக எக்கார்ட், பொஸியே என்ற நகைக் கலைஞர்கள் செய்த பெரிய பேரரசு கிரீடத்தில் 4,936 வைரங்கள், 75 முத்துகள். உச்சியில் மாணிக்கம் போலத் தோன்றும் 398.72 காரட் சிவப்பு ஸ்பினல் கல். 1670களில் ரஷ்யத் தூதர் நிக்கலாய் ஸ்பஃபாரி சீனாவிலிருந்து வாங்கி வந்ததாகச் சொல்லப்படும் கல்.

இனி ஸ்ரீரங்கத்துக்கு வரலாம். இரண்டாம் கேத்தரீனின் செங்கோல் உச்சியில் இருப்பது ஓர்லவ் வைரம், 189.62 காரட். அரசியின் பழைய காதலர் கிரிகோரி ஓர்லவ் 1773இல் அவருக்குக் கொடுத்தது. அதை விற்றவர் அவை நகை வணிகர் ஈவான் லாசரேவ். அவர் குடும்பம் நியூ ஜுல்ஃபாவிலிருந்து ரஷ்யா வந்த ஆர்மீனியக் குடும்பம். அரியணையைக் கொண்டுவந்த அதே சமூகம், நூறாண்டு கழித்து இந்த வைரத்தையும் கொண்டுவந்தது.

கதை சொல்வது: பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்த ஒரு சிப்பாய் பக்தனாக வேடம் போட்டுக் கருவறைக்குள் போய்ப் பெருமாளின் கண்ணைப் பெயர்த்தான், சென்னையில் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவனிடம் 2,000 பவுண்டுக்கு விற்றான். பின்னணி பொய்யல்ல. கர்நாடகப் போர்களில் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை இருந்தது. 1752இல் அங்கேயே சரணடைந்தது. ஆனால் கதையை எழுதிய பழைய ஐரோப்பியர் சிலர் அதைப் பிரம்மா கோயில் என்றே குறிக்கிறார்கள். பள்ளிகொண்டிருப்பது ரங்கநாதர் என்பதுகூடத் தெரியாதவர்கள் கருவறைச் செய்தியைச் சரியாக அறிந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய இந்திய வைரம் என்றால் 'சிலையின் கண்' என்று சொல்வது விலையையும் ஏற்றியது.

கல்லின் வடிவம் வேறு ஒரு வழியைக் காட்டுகிறது. பிரெஞ்சு நகை வணிகர் தவெர்னியே 1665இல் ஔரங்கசீப்பின் அவையில் ஒரு பெரிய வைரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். முட்டையை நடுவில் வெட்டியது போன்ற வடிவம் என்று எழுதினார். 'பெரிய மொகல்' என்று பெயர் பெற்ற அந்தக் கல் பிறகு காணாமல் போனது. 1739இல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடியபோது பாரசீகம் போயிருக்கலாம். ஓர்லவ் வைரத்தின் உருவமும் அதே அரை முட்டைதான். இந்தியப் பட்டை தீட்டும் முறையில் செய்தது. தவெர்னியே சொன்ன எடை அதிகம் என்பது ஒரு சிக்கல். அவர் ரத்தி என்ற இந்திய எடை அளவை காரட்டாக மாற்றியதில் பிழை என்று கொண்டால் வித்தியாசம் பெரிதும் குறையும். முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் ரத்தினவியலாளர்கள் பலர் ஏற்பது இதைத்தான், பாரசீகத்திலிருந்து வைரம் நியூ ஜுல்ஃபா வணிகர் கைக்குப் போவதும் இயல்பாகப் பொருந்துகிறது.

நேரில் பார்க்க விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். மோனமாக் முடி, அரியணைகள், ஆங்கில வெள்ளி, 1561 தட்டு, கவசம் எல்லாம் 1851இல் கட்டிய ஆயுதக்கூடக் கட்டடத்தில் இருக்கின்றன. பெரிய கிரீடமும் ஓர்லவ் வைரமும் அதே கட்டடத்தில் உள்ள வைர நிதியகத்தில். அது வேறு நிர்வாகம், வேறு நுழைவுச் சீட்டு. 1551 மர மண்டபம் சில நிமிட நடையில் உஸ்பென்ஸ்கி பேராலயத்துக்குள். உஷகோவின் மரத்துக்கு மட்டும் ஆற்றைத் தாண்டித் திரெத்யகோவ் போக வேண்டும்.